நனையாத எரிபொருள்

வைக்கோலை எரித்து மின்சாரம் எடுத்து நாட்டையே தூக்கி நிறுத்தப் போவதாக மேடைக்கு மேடை முழங்கிய இயக்குநர் பராங்குசத்துக்கு, வைக்கோல் போர் போடத் தெரியாது.

அவருடைய மின்நிலையத்தில் கொதிகலனுக்குத் தீ போடுகிற வீராயி சொல்லிப் பார்த்தாள். "போரைக் கூம்பா ஏத்துங்கய்யா, மழைத்தண்ணி வழிஞ்சு ஓடிரும். இல்லேன்னா ஒரு கொட்டகையாவது போடுங்க."

"வெளிநாட்டுல பெட்டி மாதிரிதான் அடுக்குறாங்க. எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று சீறினார் அவர்.

ஐப்பசி மழை நாலு நாள் கொட்டியது. பெட்டி பெட்டியாக அடுக்கிய வைக்கோல் சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. ஐந்தாம் நாள் திறப்பு விழா.

"இன்னும் ஒரு மணி நேரத்துல அமைச்சர் வந்துருவார். கொதிகலன் எரியலேன்னா உனக்கு வேலை கிடையாது. எதையாவது போட்டு எரி!" என்று குதித்தார் பராங்குசம்.

அமைச்சர் வந்தபோது தீ திகுதிகுவென்று எரிந்தது.

"பிரமாதம்! எந்த ஊர் வைக்கோல்?" என்றார் அமைச்சர்.

"வைக்கோல் இல்லீங்க. அது பூரா மழையில ஊறிப்போச்சு," என்றாள் வீராயி. "எதையாவது எரின்னு அய்யாதான் சொன்னாரு. இந்தத் திட்டத்தைப் பத்தி மூணு வருஷமா அய்யா எழுதின அறிக்கைங்க ஒரு அறை நிறைய இருந்துச்சு. இங்க அய்யா கூரைக்கு அடியில வச்சிருந்தது அது ஒண்ணைத்தானுங்க."