குட்டையோரத்துப் பெட்டி

ஒரு காட்டில் வாழ்ந்த கடமான் ஒன்றின் காதில் பழைய சத்தம் ஒன்று தங்கிவிட்டிருந்தது. 'டிக்' என்ற சின்னச் சத்தம்.

அது குட்டியாக இருந்தபோது ஒரு புதருக்குள்ளிருந்து அந்த 'டிக்' கேட்டது. உடனே வெடிச்சத்தம். அதற்குப் பிறகு அதன் அம்மா எழுந்திருக்கவே இல்லை. வெடிச்சத்தம் நாளடைவில் மறந்துபோயிற்று. 'டிக்' மட்டும் மறக்கவில்லை.

இப்போது கடமானுக்கே ஒரு குட்டி இருந்தது. கடுங்கோடை. நாவல் குட்டையில் மட்டும்தான் நிறையத் தண்ணீர். வாரம் ஒருமுறை வனக்காவலர்கள் லாரியில் கொண்டுவந்து ஊற்றுவார்கள். ஒருநாள் அவர்கள் நாவல் மரத்தில் பச்சைப் பெட்டி ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார்கள். தண்ணீர் குடிக்க வரும் விலங்குகளைத் தானாகவே படம் பிடிக்கும் பெட்டி அது.

கடமான் தண்ணீரில் வாய் வைத்தது.

'டிக்.'

குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடியது கடமான். அதைப் பார்த்துப் புள்ளிமான்களும் குரங்குகளும் ஓடின.

காட்டுப்பன்றி மட்டும் ஓடவில்லை. "என்ன தங்கச்சி, எதற்கு இந்த ஓட்டம்?" என்று கேட்டது. கடமான் நடுங்கிக்கொண்டே தன் அம்மாவின் கதையைச் சொன்னது.

பன்றி குட்டையைப் பார்த்தது. இவ்வளவு தண்ணீர், இவ்வளவு குளிர்ந்த சேறு! பெருமூச்சு விட்டது.

"நீ சொல்வது சரிதான். ஆனால் இது மெல்லக் கொல்லும் பெட்டி. ஒவ்வொரு 'டிக்'குக்கும் ஆயுசில் ஒரு வருஷம் போகும். நான் வாழ்ந்து முடித்தவன், இங்கேயே குடித்துச் சாகிறேன். நீங்கள் பிள்ளைகுட்டிக்காரர்கள், மேற்குப் பள்ளத்துக்குப் போய்விடுங்கள்."

"எவ்வளவு நல்ல மனசு!" என்று புள்ளிமான்கள் கண்ணீர் விட்டன.

மேற்குப் பள்ளம் அரைநாள் நடை. அங்கே பாறை இடுக்கில் கசிவதை நக்கித்தான் குடிக்க வேண்டும். குட்டியின் விலா எலும்புகள் தெரியத் தொடங்கின. பிறகு ஒருநாள் கசிவும் நின்றது.

அன்று காலை பள்ளத்துக்கு லாரி வந்தது. கடமான் புதருக்குள் ஒளிந்து பார்த்தது. வனக்காவலர்கள் பேசியது அதற்குப் புரியவில்லை.

"நாவல் குட்டைப் படத்துல அந்த ஒத்தப் பன்னிதான்யா திரும்பத் திரும்ப விழுது. அதுக்கா இவ்வளவு தண்ணி?" என்றார் சென்றாயன்.

"இங்க பாருங்கண்ணே, எத்தனை குளம்படி! இனிமே இங்கயே ஊத்துவோம்," என்றார் மாதையன்.

பள்ளம் நிறையத் தண்ணீர் ஊற்றினார்கள். எதிரே இருந்த மரத்தில் அதே பெட்டியைக் கட்டிவிட்டுப் போனார்கள்.

தண்ணீர் கண்ணெதிரே மின்னியது. யாரும் கிட்டே போகவில்லை. குட்டி கால் மடித்துப் படுத்துவிட்டது.

நாலாம் நாள் பன்றி வந்தது. அதன் குட்டை வறண்டு வெடித்திருந்தது.

"ஐயோ, இங்கேயும் வந்துவிட்டதா அந்தப் பெட்டி? ஓடுங்கள், ஓடுங்கள்!" என்று கத்தியது.

"எங்கே ஓட? இதை விட்டால் வேறு தண்ணீர் இல்லை. வாருங்கள் அண்ணா, எங்களோடு நில்லுங்கள்," என்றது கிழட்டுக் குரங்கு.

பன்றி நின்றது. உச்சிவெயில் ஏறியது. நாக்கு மண்ணைத் தொட்டது. அதற்கு மேல் தாங்கவில்லை. பாய்ந்து தண்ணீரில் விழுந்து மடக்மடக்கென்று குடித்தது.

'டிக். டிக். டிக். டிக்.'

குட்டி தலையைத் தூக்கிப் பார்த்தது. "அம்மா, பன்றி மாமாவுக்கு எத்தனை ஆயுசு?"

குரங்குதான் முதலில் சிரித்தது.

கடமான் எழுந்தது. குட்டியைப் பெட்டிக்கு நேர் எதிரே நடத்திப் போய்த் தண்ணீரில் வாய் வைத்தது.

'டிக்.'

கடமானின் உடம்பு முழுவதும் சிலிர்த்தது. ஆனால் ஓடவில்லை. குட்டி குடித்து முடிக்கும்வரை நின்றது.

அந்தக் கோடை முழுவதும், எல்லாரும் குடித்த பிறகு மிஞ்சிய கலங்கல்தான் பன்றிக்குக் கிடைத்தது. கடமானின் குட்டி பிழைத்தது. அடுத்த மழைக்கு அதற்குக் கொம்பு முளைத்தது.

நீதி: பிறருடைய பயத்தைக் காட்டி அவர்களை விரட்டுகிறவன், அவர்களால் தனக்குக் கிடைத்துவந்ததையும் இழப்பான்.