உலகம்மாளுக்கு ஒரு கல் பாதை

"குருவம்மா, மூணாவது தடவையும் போட்டாச்சு. இன்னும் அவ காலை வைக்க மாட்டேங்கா."

சபாநாயகத்துக்கு வயது அறுபத்து மூன்று. பாலம் கட்டும் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் அவர் ஜீப் வருகிறது என்றாலே கான்ட்ராக்டர்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து நிற்பார்கள்.

குருவம்மா என்று அவர் கூப்பிட்ட முத்துப்பேச்சிக்கு முப்பத்தைந்து. தென்காசிப் பக்கம் வீட்டுத் தோட்டங்களில் கல் பதிப்பவள்; இப்போது அவருக்கு அந்த வேலையைச் சொல்லிக்கொடுப்பவள். முதலில் கேலியாகத்தான் அப்படிக் கூப்பிட்டார். மூன்று மாதத்தில் கேலி எங்கே போனதென்று அவருக்கே தெரியாது.

அவர் மனைவி உலகம்மாளுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம். இடது கால் இழுக்கிறது. பேச்சு ஒன்றிரண்டு சொல்தான். இப்போது நடக்காவிட்டால் கால் அப்படியே விறைத்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளோ கட்டிலை விட்டால் சன்னல், சன்னலை விட்டால் கட்டில்.

அதற்குத்தான் இந்தப் பாதை. வாசலிலிருந்து பவளமல்லி மரம் வரை.

முதல் தடவை அவர் பளபளவென்று பாலிஷ் போட்ட கல்லைப் பதித்தார். முத்துப்பேச்சி ஒரு செம்பு தண்ணீரை அதில் ஊற்றி, "நடங்கய்யா" என்றாள். அவர் நடக்கவில்லை. பெயர்த்துவிட்டார்.

இரண்டாவது தடவை மலைக்கல். கல்லுக்குக் கல் இடைவெளி அவர் கால் எட்டி வைக்கும் தூரம். முத்துப்பேச்சி தன் இடது காலை இழுத்து இழுத்து நடந்து காட்டினாள். அதையும் பெயர்த்தார்.

இது மூன்றாவது. சொரசொரப்பான கருங்கல், நெருக்கமாக, நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து.

முத்துப்பேச்சி செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மரம் வரை நடந்தாள். திரும்பி வந்தாள்.

"கல்லுல குத்தமில்லய்யா."

"பின்னே என்ன?"

"எங்க போகணும்னு அம்மாகிட்ட கேட்டியளா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. "இதைக் கேக்கணுமா? முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். விடிஞ்சா அவளுக்கு அந்த மரத்தடியில பூப் பொறுக்கணும்."

முத்துப்பேச்சி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எடுத்துருங்க."

"எதை?"

"எல்லாத்தையும். தோட்டம் பூரா மண்ணைக் கொத்தி, சமமாத் தட்டி, தினம் தண்ணி தெளிச்சு விடுங்க. நான் வியாழக்கிழமை வாரேன்."

"அடக் கடவுளே! மூணு மாச வேலை, குருவம்மா!"

அவள் அதற்குள் தெருவுக்குப் போய்விட்டாள்.

சபாநாயகம் கோபத்தோடுதான் பெயர்த்தார். ஒவ்வொரு கல்லாகத் தூக்கி, கிணற்றுக்குப் பின்னால் நாரத்தை மரத்தடியில் கொண்டுபோய் அடுக்கினார். இந்த மூன்று மாதமும் அவர் இருந்தது அங்கேதான். காலையில் போய் ஒரு பலகைக்கல்லில் உட்கார்ந்தால் கொத்துவதும் தேய்ப்பதுமாகப் பொழுது சாயும். சாப்பாடுகூட அங்கேயே. வீட்டுச் சன்னலிலிருந்து பார்த்தால் அவர் முதுகு தெரியும்.

வியாழக்கிழமை காலையில் மண்ணுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, காய் வாங்கக் கடைக்குப் போனார்.

திரும்பி வந்தபோது கட்டில் காலி. சன்னலடியிலும் ஆளில்லை.

"உலகம்மா!"

பையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்.

ஈர மண்ணில் ஒரு வலது பாதம். பக்கத்தில் ஊன்றுகோல் வைத்த சின்னக் குழி. அப்புறம் இடது கால் இழுத்த நீளக் கோடு. மறுபடி பாதம், குழி, கோடு.

நடந்திருக்கிறாள். என் தாயே, நடந்திருக்கிறாள்!

அந்தத் தடத்தை மிதிக்காமல் ஓரமாகவே போனார். பாதி வழியில் மண் மிதிபட்டுக் குழைந்து கிடந்தது. அங்கே நின்று மூச்சு வாங்கியிருக்கிறாள்.

அதற்கு அப்புறம் தடம் பவளமல்லிப் பக்கம் போகவில்லை.

மரத்தடியில் பூ உதிர்ந்தது உதிர்ந்தபடி கிடந்தது. தடம் கிணற்றைச் சுற்றித் திரும்பியது.

நாரத்தை மரத்தடியில், அவருடைய பலகைக்கல்லில், உலகம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவர் அங்கே மறந்து விட்டுப்போன துண்டு அவள் மடியில் இருந்தது. முகமெல்லாம் வேர்வை.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எதையாவது பேச வேண்டுமே என்று, "பூப் பொறுக்கலையா?" என்று கேட்டார்.

அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம்.

"உனக்காகத்தான் உலகம்மா இத்தனை நாளும்... இந்தக் கல்லு எல்லாமே..."

"தெ...ரியும்."

வாசலில் முத்துப்பேச்சி வந்து நின்றாள். தோளில் கடப்பாரை. மண்ணில் கிடந்த தடத்தைக் குனிந்து பார்த்தாள். அது போன பக்கம் பார்த்தாள். கடப்பாரையைச் சத்தமில்லாமல் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வந்த வழியே போய்விட்டாள்.

உலகம்மாள் கொஞ்சம் நகர்ந்து, கல்லில் பாதியை விட்டாள். காலியான இடத்தை வலது கையால் தட்டினாள்.

"உக்கா...ருங்க."