பேர் சொல்லாத கூப்பாடு

ஆவரங்காட்டுக் கோர்ட்டு வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் கட்டடம். அதன் வராந்தாவில் நின்று டவாலி சூசை பேர் கூப்பிட்டால் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிறவனும் திரும்பிப் பார்ப்பான். மூன்று தரம் கூப்பிட்டும் ஆள் வரவில்லை என்றால் தீர்ப்பு எதிராளி பக்கம் போய்விடும்.

அன்றைக்கு ஒன்றியத் தலைவர் மங்களநாதன் மேல் வழக்கு. ஊர்க் கண்மாயை வளைத்து வேலி போட்டுக்கொண்டார் என்று ஊர்க்காரர்கள் தொடுத்தது. காரை விட்டு இறங்கியதுமே தலைவர் சூசையை மடக்கினார்.

"ஏய், நாலு பேர் முன்னால என் பேரை மொட்டையாக் கத்தினே, உன் வேலை காலி. பதவியையும் சொல்லப்படாது. அதுக்காகக் கூப்பிடாம விட்டு, கேஸ் எனக்கு எதிராப் போச்சுன்னாலும் உன்னைச் சும்மா விட மாட்டேன்."

"ஆகட்டுங்கய்யா" என்றான் சூசை.

தலைவர் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார். உள்ளே வழக்கை எடுத்தார்கள். சூசை தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஊர்க் கண்மாயை வளைச்சு வேலி போட்டவரூ...!"

கூட்டம் சிரித்தது. தலைவர் அசையவில்லை. இரண்டாம் தரமும் அதே கூப்பாடு. தலைவருக்கு வேர்த்தது. மூன்றாம் தரத்துக்குச் சூசை வாயைத் திறந்ததுதான் தாமதம், வேட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி ஓடினார்.

"இருடா, வந்துட்டேன்! இந்தா வந்துட்டேன்!"

உள்ளே போனதும் நீதிபதியிடம் குமுறினார். "ஐயா, இந்த டவாலி என்னை அவமானப்படுத்திட்டான்!"

நீதிபதி சூசையைப் பார்த்தார்.

"நான் யார் பேரையும் சொல்லலைங்களே, ஐயா" என்றான் சூசை. "அவராத்தான் வந்தாரு."