அருவிக்குப் போன முள்ளம்பன்றிக் குடும்பம்

ஏழுமடக்குப் பள்ளத்தின் வாசலில் ஒரு பாறைப் பொந்து. அதில் சலங்கை என்ற முள்ளம்பன்றி தன் குடும்பத்தோடு இருந்தாள். நடந்தால் அவள் முதுகு முட்கள் கலகலவென்று ஒலிக்கும். அதனால் வந்த பெயர். கணவன் கொட்டான். பிள்ளைகள் மூன்று. ஈர்க்கும் ஊசியும் பையன்கள். கடைக்குட்டி பெண், பெயர் பஞ்சு. பிறக்கும்போதே அவளுக்குப் பின்னங்கால் ஒன்று வளைந்திருந்தது.

அது காப்புக்காடு. மனிதர்கள் உள்ளே வரக் கூடாது என்று எல்லையில் பலகை நட்டிருந்தார்கள். ஆறு அங்கே மலையை அறுத்துக்கொண்டு ஏழு இடத்தில் மடங்கி வரும். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர். ஏழாம் மடக்கைத் தாண்டினால் பெரிய அருவி. மழைக்காலம் போய்த் தண்ணீர் வடிந்ததும் மிருகங்கள் குடும்பம் குடும்பமாக ஆற்றோடு நடந்துபோய் அருவியைப் பார்த்துவிட்டு வரும்.

போன வருடம் கொட்டான் பையன்களை மட்டும் கூட்டிப் போனான். பஞ்சுவும் சலங்கையும் பொந்திலேயே இருந்துவிட்டார்கள். திரும்பி வந்த பையன்கள் பத்து நாள் அருவிப் பேச்சாகவே பேசினார்கள். பஞ்சு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினோராம் நாள் அம்மாவிடம் வந்தாள்.

"அம்மா, அருவி விழுற சத்தம் இங்கேயே கேக்குதே. அது எப்படித்தான் இருக்கும்? நீ சொல்லேன்!"

"நானும் பார்த்ததில்லையே, கண்ணு!" என்றாள் சலங்கை.

இந்த வருடம் தண்ணீர் வடிந்ததும் அவள் கணவனிடம் சொன்னாள்:

"போனா அஞ்சு பேரும் போவோம். இல்லேன்னா ஒருத்தரும் போக வேண்டாம்!"

கொட்டான் மூக்கைச் சொறிந்தான். "ஆசையெல்லாம் சரி. பஞ்சு எப்படி அவ்வளவு தூரம் நடப்பா? நமக்கு ஒரு நாள் நடை. அவளுக்கு?"

"அதைத்தான் முதல்ல பார்க்கணும்!" என்றாள் சலங்கை.

மறுநாள் காலை பஞ்சுவை ஆற்று மணலில் நடக்க விட்டாள். எவ்வளவு தூரத்தில் மூச்சு வாங்குகிறது, எத்தனை தடவை உட்காருகிறாள், கூழாங்கல்லில் கால் எப்படிப் பிடிக்கிறது, எல்லாம் பார்த்தாள். பிறகு கொட்டானிடம் வந்தாள். "காலையில கிளம்பினா உச்சி சாயறதுக்குள்ள நாலு மடக்கு நடந்துடுவா. மீதி மூணை அடுத்த நாள் நடக்கலாம். ரெண்டு நாள் போதும்!"

அடுத்து, ஆற்றங்கரை மண்சுவரில் கூடு வைத்திருந்த சிச்சிலி என்ற மீன்கொத்தியைத் தேடிப் போனாள். பள்ளத்தில் மேலும் கீழும் நாள் முழுக்கப் பறப்பவள் அவள்தான். அலகில் மீனோடு உட்கார்ந்திருந்தாள்.

"சிச்சிலி, ஏழு மடக்கிலேயும் எது மோசம்?"

சிச்சிலி மீனை விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "அஞ்சாவது! ரெண்டு சுவரும் நெருங்கி இருக்கும். ஏறி ஒதுங்க ஒரு பிடி கிடையாது. உள்ளே இருக்கும்போது வெள்ளம் வந்தா அவ்வளவுதான்!"

"மழைதான் விட்டுடுச்சே?"

"இங்கே விட்டுடுச்சு. மலை உச்சியில தினம் தினம் மத்தியானத்துலேயே பெய்ய ஆரம்பிச்சுடுது. உன் தலைக்கு மேல வானம் நீலமா இருக்கும், வெள்ளம் வந்து நிக்கும்! தண்ணி செம்மண் நிறமாகி, சருகு மிதந்து, குளிர்காத்து அடிச்சா ஓடிடு. யோசிக்காதே!"

"அப்ப அஞ்சாம் மடக்கைக் காலையில தாண்டணும். முந்தின நாளே நாலாம் மடக்குல தங்கிடணும். சரிதானே?"

"இதை இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து என்கிட்ட கேட்டதில்ல!" என்று சொல்லிவிட்டு, சிச்சிலி அடுத்த மீனுக்குப் பாய்ந்தாள்.

சலங்கை அதோடு விடவில்லை. தனியாகக் கிளம்பி நாலாம் மடக்கு வரை போய்ப் பார்த்தாள். அங்கே தாழ்வாக ஒரு பாறைத் தட்டு இருந்தது. நல்ல நிழல். ஆனால் அதற்கும் மேலே, சுவரில் நின்ற ஒரு செடியின் கிளையில் காய்ந்த புல்லும் சருகும் சிக்கியிருந்தன. பழைய வெள்ளம் கொண்டுவந்து மாட்டியவை. சலங்கைக்கு முட்கள் சிலிர்த்தன. 'வெள்ளம் இது வரைக்கும் ஏறியிருக்கு. இந்தத் தட்டு உதவாது!' என்று நினைத்தாள். அண்ணாந்து தேடினாள். அந்தச் செடிக்கும் உயரத்தில் இன்னொரு தட்டு இருந்தது. ஒரு பாறை வெடிப்பு வழியாக அதற்கு ஏறலாம். ஏறிப் பார்த்தாள். முதுகு இரண்டு தடவை சிராய்த்தது. ஆனால் முடிந்தது.

வீட்டுக்கு வந்து, பொந்தின் பின்னால் அதே மாதிரி ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்தாள். ஒன்பது நாள் காலையிலும் மாலையிலும் பஞ்சுவை அதில் ஏற்றி இறக்கினாள். முதல் நாள் பஞ்சு ஏழு தடவை விழுந்தாள். ஒன்பதாம் நாள் ஈர்க்குக்கு முன்னால் மேலே போய் நின்றாள்!

பக்கத்துப் புதரில் காட்டுப்பன்றி கோரையன் இருந்தான். பெரிய கொம்புப் பல், பெரிய குரல். மனைவி செவத்தா, ஆறு குட்டிகள். அவன் வந்து பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தான்.

"ஏ சலங்கை, அருவி பார்க்கப் போறியா, படை எடுத்துப் போறியா?"

"பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறேனே, கோரையண்ணே. கொஞ்சம் பார்த்து வைக்கணுமில்ல?"

"ஆறு நடக்கிறதுக்கு இருக்கு! விசாரிச்சுக்கிட்டு உட்கார்றதுக்கா? நாங்க ஒரே நாள்ல போய் வந்துடுவோம். நீ நாலாம் மடக்குல உட்கார்ந்து கை தட்டு!"

குட்டிகள் ஆறும் சேர்ந்து சிரித்தன. சலங்கைக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் பஞ்சுவை மறுபடி வெடிப்பில் ஏற்றினாள்.

கிளம்பும் நாள் வந்தது. முன்னால் பஞ்சு, அவளுக்குப் பின்னால் பையன்கள், பிறகு கொட்டான், கடைசியில் சலங்கை. "பஞ்சுவை யாரும் முந்தக் கூடாது!" என்பது ஏற்பாடு. தண்ணீர் கணுக்காலளவு, கண்ணாடி மாதிரி ஓடியது. அடியில் கூழாங்கல் எண்ணலாம் போல இருந்தது.

இரண்டாம் மடக்கில் கோரையன் குடும்பம் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டியது. "அருவியில உங்களுக்கு இடம் பிடிச்சு வைக்கிறோம்!" என்று கத்திக்கொண்டே போனான் கோரையன்.

ஈர்க்கு முணுமுணுத்தான். "நாமளும் வேகமாப் போகலாம்மா!"

"பஞ்சு போற வேகம்தான் நம்ம வேகம்!" என்றாள் சலங்கை.

உச்சி சாயும் நேரத்தில் நாலாம் மடக்குக்கு வந்தார்கள். வெடிப்பு வழியாகப் பிள்ளைகள் மேல் தட்டுக்கு ஏறினார்கள். அங்கிருந்து பார்த்தால் ஐந்தாம் மடக்கின் வாய் தெரியும். அதற்கு முன்னால் ஒரு சேற்றுக் குழி. கோரையன் குடும்பம் அதில் சுகமாகப் புரண்டுகொண்டிருந்தது.

கொட்டான் வானத்தைப் பார்த்தான். ஒரு மேகம் இல்லை. "சலங்கை, வெயில் இன்னும் நல்லா இருக்கு. அஞ்சாவதையும் இன்னிக்கே தாண்டிடலாமே!"

"ஆமாம்மா! அவங்க நமக்கு முன்னால பார்த்துடுவாங்க!" என்று ஊசி அழுதான்.

பஞ்சு மெல்லச் சொன்னாள்: "என்னாலதானே நிக்கிறோம்? எனக்குக் கால் வலிக்கலம்மா. நான் நடப்பேன்."

சலங்கைக்கு மனசு ஆடியது. 'நான்தான் பயந்து சாகிறேனோ? நாலு பேர் ஆசையையும் கெடுக்கிறேனோ?' என்று தோன்றியது. எதற்கும் தண்ணீரைப் பார்த்துவிடலாம் என்று கீழே இறங்கினாள். காலை நனைத்தாள்.

கண்ணாடியாக ஓடிய தண்ணீர் கலங்கியிருந்தது. ஒரு சருகு மிதந்து வந்து காலில் ஒட்டியது. பின்னாலேயே பத்து, நூறு. பள்ளத்துக்குள்ளிருந்து சில்லென்று ஒரு காற்று வந்து முகத்தில் அடித்தது.

சலங்கை தலையைத் தூக்கினாள். சேற்றுக் குழி காலியாக இருந்தது. கடைசிக் குட்டியின் வால் ஐந்தாம் மடக்குக்குள் மறைந்துகொண்டிருந்தது!

"ஐயோ!" என்று அலறினாள். "கொட்டான், பிள்ளைகளைப் பிடிச்சுக்கோங்க! யாரும் இறங்கக் கூடாது!"

சொல்லிவிட்டு ஓடினாள். குட்டையான கால்கள் கல்லில் இடறின. எழுந்து மறுபடி ஓடினாள். மடக்கின் வாயில் நின்று கத்தினாள். தண்ணீர்ச் சத்தத்தில் குரல் எடுபடவில்லை. உடனே உடம்பை உதறி, முதுகு முட்கள் அத்தனையையும் சேர்த்துக் குலுக்கினாள். கலகலகலவென்று சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டு ஓடியது அந்தச் சத்தம்.

உள்ளே கோரையன் நின்றான். "பாரு, இங்கே வந்தும் பயமுறுத்துறா!" என்றான்.

செவத்தா குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். ஆறு செம்மண்ணாக ஓடியது. "பயமுறுத்தலைங்க! தண்ணியைப் பாருங்க! பிள்ளைகளா, திரும்பு! ஓடு!"

எட்டு பேரும் திரும்பி ஓடிவந்தார்கள். தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. "இந்தப் பக்கம், மதினி! வெடிப்புல ஏறுங்க!" என்று சலங்கை வழி காட்டினாள். ஆனால் குட்டிகளுக்குப் பாறை ஏறிப் பழக்கம் இல்லை. முதல் குட்டி வழுக்கி விழுந்தது. இரண்டாவது அதன் மேல் விழுந்தது. ஆறும் ஓவென்று அழுதன.

அப்போது மேலிருந்து ஒரு குரல். "அழாதீங்க! நான் வரேன்!"

பஞ்சு! அப்பாவின் பிடியிலிருந்து நழுவி, பாதி வெடிப்பு வரைக்கும் இறங்கி வந்திருந்தாள். "அந்த வெள்ளைக் கல்லுல முன்னங்கால் வை! இப்ப முதுகைச் சுவர்ல அழுத்து! கீழே பார்க்காதே, என்னைப் பாரு! ம், இன்னொண்ணு!"

ஒவ்வொரு குட்டியாக ஏறியது. கொட்டான் மேலிருந்து கவ்வி இழுத்தான். செவத்தா ஏறினாள். சலங்கை ஏறினாள். கடைசியாகக் கோரையன் முன்னங்காலை வெடிப்பில் வைத்தான். அதே சமயம் இடி விழுந்த மாதிரி ஒரு முழக்கம். மரத்தையும் கல்லையும் சுருட்டிக்கொண்டு, ஒரு சுவர் போல எழுந்து வெள்ளம் மடக்கைத் திரும்பி வந்தது! அவன் பின்னங்கால்களைத் தண்ணீர் இழுத்தது.

"பல்லை மாட்டு, மாமா! மேலே அந்த வேர்ல மாட்டு!" என்று கத்தினாள் பஞ்சு.

கோரையன் கொம்புப் பல்லை வேரில் மாட்டி எம்பினான். கொட்டானும் செவத்தாவும் ஆளுக்கொரு காதைக் கவ்வி மேலே இழுத்தார்கள். தட்டில் வந்து பொத்தென்று விழுந்தான்.

கீழ்த் தட்டு வெள்ளத்தில் மூழ்கியது. சருகு சிக்கிய செடியும் மூழ்கியது. அதற்கு மேலே ஒரு முழம் ஏறித் தண்ணீர் நின்றது. மேல் தட்டில் பதின்மூன்று பேரும் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முள் குத்தியும் ஒரு பன்றிக்குட்டி கூட முனகவில்லை.

விடிந்தபோது வெள்ளம் வடிந்திருந்தது. ஆறு ஒன்றும் தெரியாதது போல ஓடியது. கோரையன் தலை நிமிராமல் சொன்னான்:

"தங்கச்சி, நீ இல்லேன்னா என் குடும்பம் இல்ல. நாங்க இப்படியே திரும்பிடுறோம். அருவி பார்க்கிற முகம் எனக்கு இல்ல."

"எதுக்கண்ணே திரும்பணும்?" என்றாள் சலங்கை. "தண்ணி தெளிஞ்சிருக்கு, காலை நேரம், காத்துல குளிர் இல்ல. அஞ்சாம் மடக்கைத் தாண்ட இதுதான் நேரம். எங்களோட வாங்க!"

"யார் முன்னால போறது?"

"பஞ்சு!" என்று செவத்தா முந்திக்கொண்டு சொன்னாள். ஆறு குட்டிகளும் பஞ்சுவுக்குப் பின்னால் வரிசையாக நின்றுவிட்டன. கோரையன் கடைசியில் போய் நின்றுகொண்டான்.

வளைந்த காலை இழுத்து இழுத்து வைத்துப் பஞ்சு நடந்தாள். பின்னால் பன்னிரண்டு பேர் அவள் வேகத்துக்கு நடந்தார்கள். ஐந்தாம் மடக்கின் இருட்டு முடிந்தது. ஆறாவது போனது. ஏழாம் மடக்கு திரும்பியபோது பேச்சே கேட்கவில்லை, அவ்வளவு சத்தம்.

வானத்திலிருந்து இறங்குவது போல வெள்ளை வெளேரென்று கொட்டியது அருவி. சாரலில் வெயில் பட்டு நிறம் நிறமாகத் தெறித்தது. பஞ்சு அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். நனைந்த முட்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிறகு அண்ணன்களைப் பார்த்துத் திரும்பினாள்.

"பத்து நாள் பேசினீங்களே! இதுல பாதி கூடச் சொல்லலையே!" என்று கத்தினாள்.

எல்லோரும் சிரித்தார்கள். கோரையன்தான் உரக்கச் சிரித்தான். சலங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவளும் முதல் தடவையாக இப்போதுதானே பார்க்கிறாள்! கணவன் பக்கத்தில் வந்து நிற்க, கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். குட்டிகள் ஒன்பதும் ஒன்றாகத் தண்ணீரில் குதித்தன.

கூட வருபவர்களில் மெல்ல நடப்பவரின் வேகத்தையும், ஆபத்து வந்தால் ஒதுங்கும் இடத்தையும் முன்பே யோசித்துக் கிளம்புகிறவர்களே, ஒருவரையும் விட்டுவிடாமல் வெற்றியோடு போய்ச் சேர்வார்கள்.