குறை சொல்லாத வீடு

"இனிமே என்னால ஆகாது அம்மை. ஒண்ணு கோமு ஆச்சி இந்த மடத்துல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

குற்றாலலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அறுபதைத் தொட்ட மனுசன். சுகாதார ஆய்வாளராக இருந்து ஊர் ஊராக ஓட்டல் அடுப்படிகளை நடுங்க வைத்தவர். ஓய்வு பெற்ற கையோடு ஞானம் தேடி இந்த ஆற்றங்கரை மடத்துக்கு வந்தார். ஞானமா கிடைத்தது? மடத்துக் கொட்டகையில் கிடக்கும் முதியவர்களுக்குக் கஞ்சி ஊற்றுகிற வேலைதான் கிடைத்தது.

தவமணி அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மடத்துத் தலைவி அவர்தான். லிங்கத்தைவிட எத்தனையோ வயது இளையவர்.

"ஆச்சி இன்னைக்கு என்ன சொன்னாங்க அண்ணாச்சி?"

"கஞ்சி சுடுதாம். ஆத்திக் கொடுத்தா ஆறிப்போச்சாம். தலையணை கல்லு மாதிரி இருக்காம். நான் நடந்தா தரை அதிருதாம். ஆச்சியப் பார்த்து மத்தவங்களும் ஆரம்பிச்சாச்சு. எந்திரிச்சா குறை, படுத்தா குறை. மனுசன் இருக்கதா, ஓடுறதா?"

அம்மை கொட்டகைப் பக்கம் பார்த்தார். அதன் மேற்குச் சுவர் வயிறு தள்ளி நின்றது. ஒரு பெருமழைக்குத் தாங்காது என்று கொத்தனார் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மலைப்பக்கம் மேகம் கறுத்துக் கிடந்தது.

"மேலக்கரையில தங்கவடிவேல் நடத்துதாரே, அந்த முதியோர் இல்லம். நம்ம ஆளுங்க எல்லாரையும் வச்சுப் பார்த்துக்கிடுதேன்னு சொல்லிவிட்டிருக்காரு. கூட்டிட்டுப் போக நாளைக்குக் காலையில வண்டி வருது. நீங்க இன்னைக்கே போய்ப் பார்த்துட்டு வாங்க."

"பார்த்துட்டு?"

"நல்ல இடம்னு நீங்க சொன்னா அனுப்பிருவோம். வேண்டாம்னா வேண்டாம். உங்க ஒரு வார்த்தைதான். வேற யாரையும் நான் கேக்கப் போறதில்ல."

கோமு ஆச்சி தொலைந்தாள் என்று லிங்கத்துக்கு ஒரு பக்கம் சந்தோசம். அத்தனை பேர் கதியும் தன் வாயில் வந்து நிற்கிறதே என்று ஒரு பக்கம் பயம்.

அம்மை உள்ளே போய் ஒரு பெரிய தூக்குவாளியோடு வந்தார். ஏலக்காய் மணத்தது.

"வெல்லப் பாயசம். இதை அந்த இல்லத்து அடுப்படியில கொடுங்க. மடத்துல செஞ்சதுன்னு அங்க உள்ள பெரியவங்ககிட்டச் சொல்ல வேண்டாம். அவங்க ஆளுங்களே ஊத்திக் கொடுக்கட்டும். நீங்க பக்கத்துல நின்னு பாருங்க, போதும். நீங்களும் ஒரு வாய்..."

"என் வழக்கம் உங்களுக்குத் தெரியுமே அம்மை."

சோதிக்கப் போகிற இடத்தில் பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க லிங்கம் அப்படித்தான் இருந்தார். ஒரு வாய்க் காப்பியால் விலைபோன அதிகாரிகளை அவருக்குத் தெரியும். இந்த விசயத்தில் மனுசனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"தெரியும்" என்றார் அம்மை.

*

மேலக்கரை இல்லத்தில் ஒரு ஈ இல்லை.

லிங்கம் லேசுப்பட்ட ஆளா? ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டினார். தூசி இல்லை. கட்டிலுக்கடியில் குனிந்தார். கழிப்பறையை மூக்கால் சோதித்தார். பிடித்து நடக்கக் கம்பி, வழுக்காத தரை, மடித்து வைத்த போர்வை. மாத்திரை ஒவ்வொன்றும் ஆள் பேர் எழுதிய டப்பியில் இருந்தது. தங்கவடிவேல் கைகட்டிப் பின்னாலேயே வந்தார்.

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நீலச் சேலை கட்டிய பணிப்பெண் பாயச வாளியோடு வந்தாள். டம்ளர் வைக்கும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. நம்ம கொட்டகை என்றால் இந்நேரம் சந்தைக்கடையாகியிருக்கும் என்று லிங்கம் நினைத்துக்கொண்டார்.

"சாப்பாடு எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு."

"ராத்திரி உறக்கம் வருதா?"

"நல்லா வருது."

"பாயசம்?"

"அமிர்தம்யா."

அடுத்தவரும் அமிர்தம் என்றார். அதற்கடுத்தவரும் அப்படியே சொன்னார்.

கடைசியில் இருந்த ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று குடித்தார். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது.

"என்னய்யா, ஏன் அழுதீங்க?"

பெரியவர் முதலில் வாளிக்காரியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு லிங்கத்தைப் பார்த்தார்.

"சந்தோசம்" என்றார்.

வயதான காலத்தில் ஒரு டம்ளர் பாயசத்துக்கு இப்படி நெகிழ்கிறாரே என்று லிங்கம் அவர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். ஒருத்தரும் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

*

மடத்துக்குள் நுழையும்போது தூறல் விழுந்துவிட்டது.

"முதல் தரம் அம்மை! நான் பார்த்ததுலயே இப்படி ஒரு இடம் கிடையாது. ஒருத்தர் வாயில ஒரு குறை வரணுமே!"

"பாயசம்?"

"அமிர்தம்னாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும். வழிச்சுக் குடிச்சாச்சு."

அம்மையின் முகம் செத்துப்போயிற்று. உள்ளே போனார். அடுப்படியில் மீதி இருந்த பாயசத்தை ஒரு டம்ளரில் எடுத்து வந்தார்.

"இதைக் கோமு ஆச்சிகிட்டக் கொடுத்துட்டு வாங்க. அப்புறம் உங்க வார்த்தையைக் கேக்கேன்."

கடைசியாக ஒரு தடவை, போகட்டும் என்று லிங்கம் வாங்கிக்கொண்டு போனார். கொட்டகைச் சுவரில் ஈரம் ஏறிக்கொண்டிருந்தது.

"இப்பதான் உனக்குக் கண்ணு தெரிஞ்சுதோ?" என்றபடி ஆச்சி டம்ளரைப் பிடுங்கி ஒரு மடக்குக் குடித்தாள்.

"த்தூ!"

அத்தனையும் லிங்கத்தின் வேட்டியில். டம்ளர் பறந்து போய்ச் சுவரில் அடித்தது.

"ஏ கரிமுடிவான்! வேப்பிலையை அரைச்சு ஊத்திட்டுப் பாயசம்னா கொண்டாந்திருக்க? கேக்க நாதி இல்லாதவன்னு நினைச்சியோ? அம்மைகிட்டச் சொல்லி உன்னை என்ன பண்ணுதேன் பாரு!"

"அப்படி என்னத்தவே கொடுத்தீரு?" என்று அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். அதற்கடுத்த கட்டிலிலிருந்தும் சத்தம் கிளம்பியது.

லிங்கம் வேட்டியில் வழிந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

அடிநாக்கு வரைக்கும் கசந்தது. குமட்டிக்கொண்டு வந்தது.

கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று குடித்த அந்தப் பெரியவர் ஞாபகத்துக்கு வந்தார். அவர் முதலில் யாரைப் பார்த்தார் என்பதும் ஞாபகத்துக்கு வந்தது.

லிங்கம் கீழே கிடந்த டம்ளரைப் பொறுக்கி எடுத்தார்.

திரும்பி வந்து அம்மையின் முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாரும் குடிச்சாங்க அம்மை. இதைப் போய் அமிர்தம்னு சொன்னாங்க. நானும் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேனே, பாவி."

அம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க வார்த்தை என்ன அண்ணாச்சி?"

"அனுப்ப வேண்டாம்."

"மழை வலுக்குதே. சுவரு?"

லிங்கம் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"கட்டிலை எல்லாம் பூசை மண்டபத்துல கொண்டு போடுதேன். சாமி கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கிடட்டும்."

*

காலையில் மேலக்கரை வண்டி வந்து வாசலில் நின்றது. மழை விட்டிருந்தது. கொட்டகைச் சுவர் விழுந்து கிடந்தது.

லிங்கம் பூசை மண்டபத்தில் கோமு ஆச்சியின் கட்டிலுக்குப் போனார்.

"ஆச்சி, கிளம்புங்க. இன்னைக்கு உங்களுக்கு மேலக்கரையில சாப்பாடு. சாயந்தரம் நானே கூட்டிட்டு வந்துருவேன்."

வாசலில் நின்ற அம்மை வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரு மட்டுமா? மத்த இடமெல்லாம் சும்மா கிடக்கே அண்ணாச்சி?"

"திரும்பி வரும்போது ஆள் இருப்பாங்க அம்மை."

ஆச்சி ஒரு காலை வண்டிப் படியில் வைத்தவள் நின்றுவிட்டாள்.

"நேத்து வேப்பிலையைக் கொடுத்த பய கூப்பிட்டா நான் வந்துரணுமாக்கும்? அங்க சோறாவது வாயில வைக்க விளங்குமா?"

"எனக்குத் தெரியாது ஆச்சி" என்றார் லிங்கம். "நீங்கதான் சாப்பிட்டுப் பார்த்து, அங்க இருக்க அத்தனை பேருக்கும் கேக்கும்படியாச் சொல்லணும்."