பூஜ்யத்துக்கு உயர்ந்த இளவரசர்

கடம்பவாடியை ஆண்ட வீரகண்ட பூபதி எந்தப் போரிலும் தோற்றது கிடையாது. தோற்றதெல்லாம் ஒரே இடத்தில்தான். பக்கத்து நாட்டு மலைமேல் ஒரு கலாசாலை இருந்தது. அதில் சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ராஜா வீட்டுப் பிள்ளைக்கும் அதே கேள்விதான், மாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் அதே கேள்விதான். சிபாரிசு செல்லாது. என்ன அநியாயம் பாருங்கள்!

ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை கொடுத்திருப்பார்கள். சரியானதன் மேல் எழுத்தாணியால் ஒரு குத்துக் குத்த வேண்டும். சரியாகக் குத்தினால் ஒரு மதிப்பெண் தருவார்கள். தப்பாகக் குத்தினால் ஒன்றைப் பிடுங்கிக்கொள்வார்கள். இளவரசர் அதிரதன் முதல் தடவை எழுதி வாங்கியது, பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு.

உடனே அரண்மனைக்கு வரவழைக்கப்பட்டார் ஆசான் சர்வபூஷணர். பயிற்சிக்கூடம் நடத்துகிறவர். ஊரில் எந்தப் பிள்ளை தேறினாலும் அதன் படம் அவர் வாசல் பலகையில் ஏறிவிடும். அந்தப் பிள்ளை அவர் தெருப்பக்கம் வந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை.

"ஒரு கேள்வியையும் விடாதே! தெரியாவிட்டாலும் குத்து!" இதுதான் அவருடைய மகா மந்திரம். இளவரசர் சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. இரண்டாம் தடவை ஓலை சல்லடையாகும்வரை குத்திவிட்டு வந்தார்.

முடிவு வந்த அன்று சபை நிரம்பி வழிந்தது. அரசவையில் ஓலை வாசிப்பது செண்பகவல்லியின் உத்தியோகம். யார் என்ன சொன்னாலும் பதிலுக்கு ஒன்று சொல்வது அவள் பழக்கம். அவள் ஓலையைப் பிரித்தாள்.

"இளவரசர் அதிரதன். ஐம்பத்தெட்டு..."

ஆசான் துள்ளி எழுந்தார். "பன்னிரண்டு எங்கே, ஐம்பத்தெட்டு எங்கே! மகாராஜா, என் மாலை எங்கே?"

மேளம் முழங்கியது. மாலை ஆசான் கழுத்தில் விழுந்தது. செண்பகவல்லியிடம் பொறுமை எப்போதும் கொஞ்சம்தான் இருப்பு. அதை மொத்தமாகச் செலவழித்து மேளம் அடங்கும்வரை நின்றாள்.

"நான் இன்னும் வாசித்து முடிக்கவில்லை. ஐம்பத்தெட்டு, பூஜ்யத்துக்குக் கீழே."

மாலை கழற்றப்பட்டது. ஆசான் முகம் சுருங்கியது.

"நட்சத்திரம் சரியில்லை, மகாராஜா. எழுத்தாணியும் மட்டம். எல்லாவற்றுக்கும் மேலே இந்த அம்மாளின் ஏளனம்! பிள்ளை எப்படித் தேறும்? அவ்வளவு கெட்டிக்காரி என்றால் இவளே உயர்த்திக் காட்டட்டுமே!"

"ஐயோ, இனிமேல் என் பிள்ளையைப் புத்தகத்தைத் தொடவிட மாட்டேன்! துரும்பாய் இளைத்துவிட்டான்," என்றாள் மகாராணி. துரும்பு பக்கத்தில் உட்கார்ந்து மூன்றாவது அதிரசத்தைத் தின்றுகொண்டிருந்தது.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "செண்பகவல்லி! அடுத்த தேர்வில் அதிரதன் மதிப்பெண் உயர வேண்டும். அவன் ஒரு எழுத்துப் படிக்கக் கூடாது. ஒற்றை மதிப்பெண் உயர்ந்தாலும் உன் சாமர்த்தியத்தை ஒத்துக்கொண்டு பரிசு தருகிறேன். உயராவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு நாட்டைவிட்டுப் போய்விடு."

செண்பகவல்லிக்கோ அது பிறந்து வளர்ந்த ஊர். சொந்தமாய் ஒரு சின்ன வீடு. மாடியில் நேற்றுப் பிழிந்த வடாம்கூட இன்னும் காயவில்லை. ஆனால் அவள் முகம் அதையெல்லாம் காட்டிக்கொடுக்கவில்லை.

"ஒற்றை மதிப்பெண் போதுமா, மகாராஜா?"

"போதும்."

"அப்படியானால் சரி."

இரண்டே நாளில் தேர்வு வந்தது. அவள் செய்த ஒரே ஏற்பாடு சமையல்தான். பருப்பும் நெய்யும், வெண்டைக்காய் மோர்க்குழம்பு, ஒரு குண்டான் பால் பாயசம், கடைசியில் கெட்டித் தயிர்சாதம். தன் கையாலேயே பரிமாறினாள்.

"வடாம் இல்லையா, அம்மா?" என்றார் இளவரசர்.

"காயவில்லை. வானம் மூட்டம். காய்கிறவரை நான் ஊரில் இருப்பேனா என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. தேர்வில் என்ன கேட்டாலும் குத்தாதீர்கள். எழுத்தாணி இங்கேயே இருக்கட்டும்."

"பிறகு அங்கே என்ன செய்வது?"

"தூங்குங்கள்."

இளவரசருக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு நல்ல ஆசிரியர் எனக்கு வாய்த்ததே இல்லை!"

வேவு பார்க்கப் போன ஆசான், மண்டபத்தில் குறட்டைச் சத்தம் கேட்டுக் குதூகலமாகத் திரும்பினார். செண்பகவல்லிக்கு வண்டிகூட ஏற்பாடு செய்துவிட்டார். அவ்வளவு பரோபகாரி!

மறுநாளே முடிவு வந்தது. இந்தத் தடவை ராஜாவே ஓலையைப் பிரித்து வாசித்தார்.

"அதிரதன், பூஜ்யம்." அவர் மீசை துடித்தது. "பூஜ்யமா! இதைக் காட்டவா இத்தனை தெம்பாக வந்து நிற்கிறாய்?"

"போன தடவை எங்கே இருந்தார், மகாராஜா?"

"ஐம்பத்தெட்டு... கீழே."

"இப்போது?"

ராஜா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். மந்திரியும் பார்த்தார். மேலே போயிருப்பது உண்மைதான்.

"ஒன்று கேட்டீர்கள், ஐம்பத்தெட்டு கொடுத்திருக்கிறேன்," என்றாள் அவள்.

"கலாசாலையில் இடம்?"

"கிடைக்காது. உயர்த்தச் சொன்னீர்கள், சேர்க்கச் சொல்லவில்லை. சேர வேண்டுமானால் படிக்க வேண்டும். அதைத்தான் நீங்களே தடுத்துவிட்டீர்களே!"

ராஜாவின் உதட்டோரம் சிரிப்பு எட்டிப்பார்த்தது. உடனே ஆசான் முன்னால் பாய்ந்தார்.

"மகாராஜா, பரிசில் பாதி எனக்குச் சேர வேண்டும்! இளவரசர் எதனால் உயர்ந்தார்? தூக்கத்தால்! உட்கார்ந்தபடி தூங்க எங்கே பழகினார்? என் வகுப்பில்!"

ராஜா செண்பகவல்லியைப் பார்த்தார். "இதற்கு என்ன சொல்கிறாய்?"

"முழு உண்மை, மகாராஜா. இவ்வளவு திறமைசாலியை அனுப்பிவிடாதீர்கள். இனிமேல் இளவரசர் பகலில் படிக்கட்டும். படுக்கப் போனபின் தூக்கம் வராவிட்டால் மட்டும் ஆசானைக் கூப்பிட்டுப் பாடம் நடத்தச் சொல்லுங்கள்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. முத்துமாலை செண்பகவல்லி கழுத்துக்கு வந்தது. ஆசானுக்குத் தூங்கவைக்கும் உத்தியோகம் கிடைத்தது. செண்பகவல்லி வீட்டுக்குப் போய் வடாமைத் திருப்பிப் போட்டாள்.

மறுநாள் பயிற்சிக்கூடத்து வாசலில் புதுப் பலகை: 'ஒரே தேர்வில் ஐம்பத்தெட்டு மதிப்பெண் உயர்வு! அரண்மனை நியமனம் பெற்ற ஆசான்!'

பிள்ளைகளைச் சேர்க்க வந்த கூட்டம் தெருமுனைவரை நின்றதாம்.