வாசலை மறித்த ரெபேக்காள்

மலையடிவாரக் குளத்தங்கரையில் ரெபேக்காள் என்றொரு எருமை இருந்தாள். பக்கத்துச் சிறு கிறிஸ்தவ ஆலயத்தில் வேதம் போதித்த உபதேசியார் வளர்த்த எருமை. பெயர் வைத்ததும் அவர்தான்.

போன கோடையில் அவளுடைய கன்றைச் செந்நாய்க் கூட்டம் ஒன்று துரத்திக் கொன்றுவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி இல்லை. புல் கசந்தது. சருகு அசைந்தாலும் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு பாய்வாள்.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. ஒருநாள் பொழுது சாயும் நேரம், நல்ல மழை. ரெபேக்காள் தன் தொழுவத்துக்குத் திரும்பினாள். மூலையில் ஒரு செந்நாய்! முன்கால் வீங்கியிருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு இரண்டு குட்டிகள்.

ரெபேக்காளுக்கு ரத்தம் கொதித்தது. காலை ஓங்கினாள்.

"என்னை மிதித்துக்கொள். குட்டிகளை விட்டுவிடு!" என்றது செந்நாய்.

ஓங்கிய கால் அப்படியே நின்றது. சில நாட்களாக ஆலயச் சுவருக்குப் பின்னால் மேயும்போது, பிள்ளைகள் நாடகம் பழகுவதைக் கேட்டிருந்தாள். இடமில்லை என்று எல்லாரும் கைவிரிக்க, ஒரு தாய் மாட்டுத்தொழுவத்தில் பிள்ளை பெற்றாளாம். அந்தப் பிள்ளை வளர்ந்து, தன்னை ஆணியடித்துக் கொன்றவர்களையும் மன்னித்ததாம்.

'போயும் போயும் என் தொழுவத்துக்கா இவள் வரவேண்டும்!' என்று பொருமினாள். ஆனால் காலை இறக்கிவிட்டாள்.

மோப்பம் பிடித்து நரி வந்தது. பின்னால் காட்டுப்பன்றியும் குரங்குகளும் வந்தன.

"ரெபேக்காள்! பண்டிகை நேரத்தில் காடு அமைதியாக இருக்க வேண்டாமா? அவளை வெளியே தள்ளு. நாங்கள் முடித்துவிடுகிறோம்!" என்றது நரி.

"குட்டிகளையுமா?"

"அவையும் வளர்ந்தால் செந்நாய்தானே?"

"குட்டிகளைக் கொன்றுவிட்டு வருவதற்குப் பெயர் அமைதியா? அப்படிப்பட்ட அமைதி எனக்கு வேண்டாம்!"

"அடி மானங்கெட்டவளே! உன் கன்றைத் தின்ற இனம்!"

"என் கன்றை நீ எனக்கு நினைவுபடுத்தாதே!" என்று கர்ஜித்தாள் ரெபேக்காள். வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

குரங்குகள் கல்லெறிந்தன. நெற்றியில் ரத்தம் வழிந்தது. பன்றி ஓடிவந்து விலாவில் முட்டியது. வலியில் கண் இருண்டது. ஒரு குத்துக் குத்தினால் பன்றியின் குடல் சரிந்துவிடும்; அது அவளுக்கும் தெரியும், பன்றிக்கும் தெரியும். அவள் குத்தவில்லை. நகரவும் இல்லை.

"இன்னும் முட்டு! என்னைச் சாய்த்துவிட்டு உள்ளே போ!" என்றாள்.

இரண்டாம் முறை முட்டிய பன்றிக்கு மூச்சு வாங்கியது. அதற்கே வெட்கமாக இருந்தது. "எனக்கு இந்த வேலை வேண்டாம்" என்று திரும்பிப் போய்விட்டது. குரங்குகளும் ஒவ்வொன்றாக நழுவின.

நரி மட்டும் நின்று பல்லைக் கடித்தது. "இனி இந்தக் குளத்தில் உனக்கு இடமில்லை!"

"குளம் உன் அப்பன் வெட்டியதா? நாளைக்கே வருவேன். முடிந்தால் தடுத்துப் பார்!"

மறுநாள் போனாள். யாரும் அவளோடு பேசவில்லை. அவள் பாட்டுக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

கிறிஸ்துமஸ் காலையில் ஆலய மணி அடித்தது. செந்நாய்க்குக் கால் ஆறியிருந்தது. புறப்படும்போது அது தலைகுனிந்து நின்றது.

"ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. அன்று உன் கன்றைத் துரத்தியவர்களில் நானும் ஒருத்தி."

 ரெபேக்காளின் கொம்பு தானாகத் தாழ்ந்தது. குட்டிகள் தாயின் பின்னால் ஒளிந்தன.

அந்தக் குட்டிகளைப் பார்த்தபடியே அவள் தலையை நிமிர்த்தினாள்.

"நீ செய்ததை நான் மறக்கமாட்டேன். ஆனால் மன்னித்துவிட்டேன். மனம் வந்து மன்னிக்கவில்லை. தொழுவத்தில் பிறந்தவருக்காக மன்னித்தேன். போ. குட்டிகளுக்குப் பசிக்கும்."

செந்நாய் காட்டுக்குள் மறைந்தது. ரெபேக்காள் குளத்தில் இறங்கினாள். கரையில் நின்ற நரி உறுமிக்கொண்டே இருந்தது. அவளோ கழுத்துவரை தண்ணீரில் அமிழ்ந்து, கண்களை மூடி, கன்று போன பிறகு முதல்முறையாக நிம்மதியாக அசைபோட்டாள்.

ஊரே எதிர்த்தாலும் பகைவரை மன்னிக்கத் துணிகிறவருக்கே கிறிஸ்து கொண்டுவந்த சமாதானம் கிடைக்கும்.